கார்ல போனா கொல்லைப்பக்கம், படகுல போனா வாசல்

பத்து நாள் படகுல குடித்தனம் பண்ணிட்டு வந்தோம்னு சொன்னதுக்கு ஆளாளுக்கு கேள்வி கேட்டுட்டீங்க, தனித்தனியா பதில் சொல்ல முடியல, மொத்தமா இங்கயே கொட்டிடறேன்.

நாங்க இருக்கறது அமெரிக்காவுல மேரிலாண்ட். இவர் ரெண்டு வருஷமா வாரக்கடைசில பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கிட்டு, போன ஜூலைல 30 அடி படகு ஒண்ண வாடகைக்கு எடுத்தார், செசபீக் விரிகுடாவுல அனாபொலிஸ்ல கிளம்பி செயின்ட் மைக்கேல்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் போயிட்டு திரும்பறதா பிளான். எனக்கு நீச்சல் அரைகுறை. லைஃப் ஜாக்கெட்டோடவே தூங்கினேன்னு இவர் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார், முதல் ராத்திரி மட்டும்தான் அது.

இந்த ஊருக்கெல்லாம் முன்னாடி கார்ல போயிருக்கோம். பெட்ரோல் பங்க், மளிகைக்கடை, பார்க்கிங் தேடி ரெண்டு சுத்து, அப்புறம்தான் ஊரே வரும். அந்தக் காலத்துல சரக்கு, ஆளு, சேதி எல்லாம் தண்ணி வழியாதான் வந்துது, அதனால நல்ல வீடு, தேவாலயம், கிடங்கு எல்லாமே துறையப் பார்த்துதான் நிக்குது. கார்ல போனப்போ இத்தனை நாளும் கொல்லைப்பக்கமா நுழைஞ்சிருக்கோம்னு படகுல போனப்பதான் புரிஞ்சுது.

அனாபொலிஸ்ல துறைக்குள்ள ஒடுக்கமா ஒரு வாய்க்கால், ஈகோ ஆலின்னு பேரு, படகைக் காட்டிக்கறதுக்குன்னே உள்ள வந்து திரும்பிப் போவாங்க, மாப்பிள்ளை ஊர்வலம் தோத்துடும். அதோட தலைமாட்டுலயே தன் அடிமை மூதாதையர் கதைய 'ரூட்ஸ்'னு எழுதின அலெக்ஸ் ஹேலி உட்கார்ந்து குழந்தைங்களுக்கு கதை சொல்ற சிலை இருக்கு. 1767ல அடிமைக் கப்பல் வந்த துறை அது. கொஞ்சம் நிமிர்ந்தா ஸ்டேட் ஹவுஸ்ங்கற மாநில சட்டமன்றம், 1783ல ஜார்ஜ் வாஷிங்டன் படைத்தலைமைய ராஜினாமா பண்ணின கட்டடம். மூணையும் ஒரே இடத்துல நின்னு பார்க்கலாம்.

இப்ப சண்டைக் கதை. செசபீக் பார்க்கத்தான் கடல் மாதிரி, சராசரி ஆழம் 21 அடிதான், ஓடைக்குள்ள போனா இன்னும் கம்மி. செயின்ட் மைக்கேல்ஸ் நெருங்கறப்போ "ஏங்க, அந்த பச்சை மிதவைக்கு அந்தப் பக்கம் போகணும்ல"னு கேட்டேன், "எனக்குத் தெரியும்"னார், அடுத்த நிமிஷம் படகு மெத்துனு நின்னுடுச்சு. சேறு. இடிச்ச சத்தம்கூட இல்ல, வாழைப்பழத்துல கத்தி இறங்கின மாதிரி. இங்க ஏத்த இறக்கமே ரெண்டு அடிக்கும் கம்மி, தண்ணி ஏறி தூக்கிவிடும்னு காத்திருந்தா பொழுது போயிடும். நண்டு பிடிக்கற பெரியவர் ஒருத்தர் தன் படகுல வந்து எங்களப் பார்த்துட்டு சிரிக்கவே இல்ல, அதுக்கே கையெடுத்துக் கும்பிடணும். என்னை பாயோட அடிக்கட்டைல தொத்திக்கச் சொல்லி, அந்தக் கட்டைய இவரைப் பக்கவாட்டுல தள்ளிவிடச் சொன்னார். என் எடைல படகு சாய்ஞ்சு அடிப்பாகம் சேத்துல இருந்து எழும்பிச்சு, அவர் கயிறு கட்டி இழுத்தார், வந்துடுச்சு. என் எடை பிரயோஜனமா இருந்த ஒரே நாள்.

அவரே மறுநாள் துறைல நண்டு ஆணா பொண்ணான்னு பார்க்கக் கத்துக்குடுத்தார். திருப்பிப்போட்டா அடிவயித்து மூடி ஆணுக்கு வாஷிங்டன் நினைவுத்தூண் மாதிரி ஒல்லியா இருக்கும், பொண்ணுக்கு நாடாளுமன்ற டோம் மாதிரி அகலம். ஆவில வேகவச்சு மேல ஓல்ட் பே மசாலாவ அள்ளிக் கொட்டி, மேஜைல பேப்பர் விரிச்சு மரச்சுத்தியலால தட்டித் தட்டி சாப்பிடறது இங்க வழக்கம். ருசிதான், ஆனா எனக்கென்னவோ மிளகு போட்ட நண்டுக் குழம்பு பக்கத்துல வராது, இத இங்க சத்தமா சொல்ல முடியாது.

செயின்ட் மைக்கேல்ஸ்ல 1879ல கட்டின கலங்கரை விளக்கம் ஒண்ணு இருக்கு, கடல் சேத்துல திருகாணி மாதிரி காலை முறுக்கி நிறுத்தியிருந்தாங்களாம், 1966ல மியூசியத்துக்கு கொண்டு வந்துட்டாங்க. 1813ல பிரிட்டிஷ்காரன் குண்டு போட்டப்போ குறி தப்பட்டும்னு மரத்து மேல லாந்தர் கட்டி ஏமாத்தினாங்கன்னு ஒரு கதையும் உண்டு, டீ ஷர்ட்லகூட போட்டு விக்கறாங்க.

என்னைப் பிடிச்சு உட்கார வச்சது வேற கதை. பின்னாடி அடிமை ஒழிப்புக்காகப் பேசி எழுதின ஃப்ரெடரிக் டக்ளஸ், அடிமையா இந்த ஊர்ல இருந்திருக்கார். 1834ல, 16 வயசு வாக்குல, பக்கத்துல விரிகுடாக் கரைலயே ஒரு பண்ணைக்கு அவரை வாடகைக்கு அனுப்பி அடிச்சே பணிய வைக்கப் பார்த்தாங்க. ஞாயித்துக்கிழமை கரைல நின்னு வெள்ளைப் பாய் விரிச்சுப் போற கப்பல்களப் பார்த்து ஏங்கினத 1845ல வந்த தன் வரலாறுல எழுதியிருக்கார். நாங்க வெள்ளைப் பாய் விரிச்சு ஜாலியா வந்தது அதே தண்ணிலதான். 1836ல அவரும் கூட்டாளிகளும் ஒரு பெரிய தோணிய எடுத்து விரிகுடாவோட வடகோடி வரைக்கும் துடுப்பு போட்டே தப்பிக்கப் பார்த்து, யாரோ காட்டிக்குடுத்து, ஈஸ்டன் ஜெயில். 1838ல பால்டிமோர்ல இருந்து மாலுமி வேஷத்துல ரயில் ஏறித்தான் தப்பிச்சார். 1877ல திரும்ப வந்து, சாகக் கிடந்த பழைய எஜமானனப் பார்த்துட்டுப் போயிருக்கார். அன்னிக்கு சாயங்காலம் இவரும் நானும் ரொம்ப பேசிக்கல.

ஆக்ஸ்ஃபோர்ட்ல 1683ல ஆரம்பிச்ச படகு சர்வீஸ் இருக்கு, பத்து நிமிஷத்துல அக்கரை, கார் ஏத்திட்டுப் போகுது. கேம்பிரிட்ஜ் போகவே இல்ல, நாலு மணி இடிமழைக்கு பயந்து நங்கூரம் போட்டு ஒரு நாள் முழுக்க ரசம் வச்சு குடிச்சோம்.

—

அக்கா, படிச்சு சிரிச்சு முடியல. நானும் வீட்டுக்காரியும் பிரான்ஸ்ல கனால் டு மிடிங்கற கால்வாய்ல படகுல போனோம், அங்க சேறு இல்ல, சண்டைக்கு லாக் இருக்கு. லாக்னா கதவு மூடி தண்ணி ஏத்தி இறக்கற தொட்டி. நான் ஸ்டியரிங், அவ கயிறு. பெசியேங்கற ஊர்ல மாடிப்படி மாதிரி அடுத்தடுத்து தொட்டி, மொத்தம் 21 மீட்டருக்கு மேல ஏறணும், சுத்தி டூரிஸ்ட் கூட்டம் ஐஸ்கிரீம் நக்கிட்டே வேடிக்கை பார்க்குது, நான் "இழு"ன்னா அவ விடறா. பியர் பால் ரிக்கேன்னு ஒருத்தர் 1666ல ஆரம்பிச்ச வேலை, 1681ல திறந்தப்போ பாக்க அவர் உயிரோட இல்ல, சில மாசம் முன்னாடி போயிட்டார். கரை ரெண்டு பக்கமும் பிளேன் மரம் நிழல்னு படத்துல பார்த்து போனோம், பூஞ்சை நோய்ல ஆயிரக்கணக்குல வெட்டிட்டாங்க, சில இடத்துல மொட்டை வெயில். தொப்பி எடுத்துட்டுப் போங்க. லாக் திறந்துவிடற ஆளுக்கு மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு நேரம், தலைகீழா நின்னாலும் கதவு திறக்காது. எங்க சமாதானப் பேச்சுவார்த்தை எல்லாம் அந்த நேரத்துலதான்.

—

லைசென்ஸ் வேணுமா, ஜெல்லி மீன் கடிக்குமான்னு கேட்டிருந்தீங்கல்ல தம்பி. மேரிலாண்ட்ல 1972 ஜூலை 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க படகு பாதுகாப்பு கோர்ஸ் முடிச்ச சான்றிதழ் வச்சிருக்கணும், கம்பெனிக்காரங்க அனுபவமும் கேப்பாங்க. ஜெல்லி மீன் ஜூலைல வந்துடும், கொட்டினா எரியும். இவர் குதிச்சார், நான் சொல்லச் சொல்லக் கேக்காம. அப்புறம் என்ன, ஏணில ஏறி வந்த வேகத்தப் பார்த்திருக்கணும் நீங்க.