பேட்டரி சைக்கிளில் விழுந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

திருப்பூரிலிருந்து:

அப்பாவுக்கு 64 வயது. முழங்கால் வலியால் மிதிக்க முடியவில்லை என்று போன தீபாவளிக்கு பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். பெடலும் உண்டு, வலது கைப்பிடியை முறுக்கினால் தானாகவும் போகும். மளிகை, கோயில், ரேஷன் கடை என்று நாலு மாதம் ஒரு குறையும் இல்லை.

மாசி மாதம் ரேஷன் கடை வாசலில் விழுந்தார். ஓட்டும்போது இல்லை, இறங்கின பிறகு. நாற்பது வருஷமாக அப்பா சைக்கிளை விட்டு இறங்குவது ஒரே மாதிரிதான். வேகம் குறையும்போதே வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி எடுத்து, இடது பெடலில் நின்றபடி கொஞ்ச தூரம் வந்து, குதித்து, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடப்பார். அன்றைக்கும் அதேதான். வாசல் மேட்டில் ஏற்றுவதற்காகக் கையை அழுத்தியபோது கைப்பிடி முறுக்கிக்கொண்டது. வண்டி பாய்ந்ததும் விடத் தோன்றவில்லை. பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார், அது இன்னும் வேகமாக இழுத்திருக்கிறது. மணிக்கட்டு எலும்பு உடைந்து பிளேட் வைத்தார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. வாங்கும்போது ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் கேட்டோம். இறங்கும் முன் சாவியை அணைக்கணும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்த மாதிரி உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

வேளச்சேரியிலிருந்து:

அப்பா சீக்கிரம் குணமாகட்டும் சகோதரி. இரண்டு வருஷமாக ஆபீஸுக்கு இதில்தான் போகிறேன். ஒரு தடவை விழுந்தேன், மூன்று தடவை மயிரிழையில் தப்பினேன். நாலு தடவையும் காரணம் ஒன்றுதான். என்னைப் பார்த்துவிட்டுத்தான் குறுக்கே வந்தார்கள்.

நான் விழுந்த அன்று கார்க்காரர் எனக்கு முன்னால் போய் இடது சந்துக்குள் திரும்பினார். இறங்கி ஓடி வந்து தூக்கிவிட்டு, "சைக்கிள்தானே, நீங்க வர்றதுக்குள்ள திரும்பிடலாம்னு நெனச்சேன் சார்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சாதாரணமாக மிதித்து வருகிறவர் 12, 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் வருவார். நான் வந்தது 25-ல். அதாவது ஒரு நொடிக்கு ஏழு மீட்டர். பார்வைக்கு சைக்கிள், வேகத்துக்கு மொபெட். சத்தமும் கிடையாது. பூக்கடையில் நிற்கிற அம்மா ஒருவர் திரும்பிப் பார்க்காமல் பின்னால் ஓரடி எடுத்து வைத்தால் போதும். இப்போதெல்லாம் சந்து முனைகளில் மிதி வேகத்துக்கு இறக்கிவிடுகிறேன், மணியை விடாமல் அடிக்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து:

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் பையன், பின்னால் தங்கையை உட்கார வைத்து, இருட்டில் வந்து மாட்டின் மேல் மோதினான். லைசென்ஸ் வேண்டாம் என்பதால்தான் வாங்கிக் கொடுத்தார்களாம். இரண்டு பிள்ளைகள் தலையிலும் ஹெல்மெட் இல்லை. பாப்பாவுக்கு நெற்றியில் ஏழு தையல்.

மதுரையிலிருந்து, சைக்கிள் கடை வைத்திருக்கிறேன்:

மேலே சொன்ன மூணும் என் கடைக்கு வந்த கதைதான். திருப்பூர் தங்கச்சிக்கு ஒண்ணு சொல்றேன். அப்பா வண்டியில பிரேக் லீவரைத் தொட்டவுடனே மோட்டார் கட் ஆகுதான்னு ஸ்டாண்டுல ஏத்தி, பின் சக்கரத்தைச் சுத்தவிட்டுப் பாருங்க. லீவருக்குள்ள சின்ன சுவிட்ச் ஒண்ணு இருக்கும். மழைத்தண்ணி போய் அது கெட்டுட்டா, பிரேக் ஒரு பக்கம் பிடிக்கும், மோட்டார் ஒரு பக்கம் இழுக்கும். பழைய சைக்கிள்ல மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கிட் மாட்டிட்டு வர்றவங்க பல பேர் வண்டியில அந்த சுவிட்சே கிடையாது. பழைய லீவர், பழைய ரப்பர் கட்டை, தேஞ்ச கேபிள்.

அதைவிட எனக்கு பயம், வேகத்தைக் கூட்டிக் கொடுங்கன்னு வர்ற பசங்கதான். மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25-க்குள்ள இருந்தாத்தான் சட்டத்துல அது மோட்டார் வண்டி இல்ல. லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் கேட்கமாட்டாங்க. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 40-ல போனா அந்த விலக்கு போச்சு. யாரையாவது இடிச்சா மொத்தமும் நம்ம தலையில. 25-ல பிரேக் பிடிச்சு நாலு மீட்டர்ல நிக்கிற வண்டி, 40-ல அதே பிரேக்குக்கு பத்து மீட்டர் ஓடும். அதுவும் பிரேக் நல்லா இருந்தா. பின் கேரியர்ல பேட்டரி கனம் வேற. நான் செஞ்சு கொடுக்கறதில்ல. கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போறாங்க, போகட்டும்.

சிங்கப்பூரிலிருந்து:

மதுரை அண்ணே சொல்றது ரொம்பச் சரி. இங்கே முறுக்கி ஓட்டுற பிடியே கூடாது, மிதிச்சாத்தான் மோட்டார் உதவும். வண்டி 20 கிலோவுக்கு மேல எடை இருக்கக்கூடாது, ஓட்டுறவருக்கு 16 வயசு ஆகியிருக்கணும், 2022-லிருந்து தேர்வு எழுதிப் பாஸ் பண்ணணும், ரோட்டில் ஹெல்மெட் கட்டாயம். இவ்வளவு இருந்தும் போன டிசம்பர் மழையில், சாப்பாடு டெலிவரிக்குப் போகும்போது நான் விழுந்தேன். வளைவில் இரும்பு மேன்ஹோல் மூடி, அது மேல் பிரேக் பிடித்தேன். இன்னொரு ஆர்டர் காத்திருக்கு என்ற அவசரம்தான். ஹெல்மெட் பக்கவாட்டில் பிளந்துபோச்சு. அதை இன்னும் அலமாரி மேலே வைத்திருக்கிறேன்.

மறுபடி திருப்பூரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. மதுரை அண்ணா சொன்னபடி ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தோம். வலது லீவரைத் தொட்டால் மோட்டார் நிற்கிறது, இடது லீவருக்கு நிற்கவில்லை. மாற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அப்பா ஹெல்மெட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. சிங்கப்பூர் தம்பி எழுதியதை நேற்று வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன விலை வரும்?" என்று கேட்டார்.