பச்சைக் கண் சுறாவைப் பார்த்தவர்கள்

தூத்தூர்க்காரன்:
2009, லட்சத்தீவின் மினிக்காய்த் தீவுக்குத் தெற்கே. முந்நூறு பாக ஆழத்தில் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) கிடந்த தூண்டிலை விடியுமுன் ஏற்றிக்கொண்டிருந்தோம். எண்ணெய்ச் சுறாதான், இரண்டு முதுகுத் துடுப்புக்கும் முன்னால் முள் இருக்குமே, அது. கடைசியாக வந்த பெரியது தளத்தில் விழுந்ததுமே குட்டி ஒன்றை ஈன்றுவிட்டது. மஞ்சள்கருப் பை குட்டியின் வயிற்றில் ஒட்டியபடியே இருந்தது. விளக்கைத் திருப்பினேன். தாய்க்கும் குட்டிக்கும் கண்ணில் ஒரே பச்சை. இரு கையிலும் ஏந்திக் கடலில் விட்டேன். அது கீழே போகவே இல்லை. வீட்டில் அப்போது மனைவிக்கு ஏழாம் மாதம். கரைக்கு வந்தும் அவளிடம் இதைச் சொல்லவில்லை.

கொச்சித் துறை:
உங்கள் ஊர்ப் படகுகள் இங்கே வரும்போது இந்தச் சுறாவின் ஈரலை எடைபோடும் வேலை பார்த்தேன். ஒரு நாள் துண்டு ஈரல் வாளித் தண்ணீரில் விழுந்தது. மூழ்காமல் அப்படியே மிதந்தது. காற்றுப்பை இல்லாத மீனுக்கு ஈரலில் உள்ள எண்ணெய்தான் மிதவை என்று அன்றுதான் விளங்கியது. குட்டியை நினைத்து வருந்தாதீர்கள் அண்ணா. கடலில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

கடலியல் மாணவி:
"எவ்வளவோ இருக்கிறது" என்பதை ஏற்க முடியவில்லை. நான் ஒரே ஒரு முறை, அதுவும் ஐஸில் கிடந்ததைத்தான் தொட்டிருக்கிறேன். தோல் அரம்போல் இருந்தது. ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மத்தி போல் லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன் அல்ல இது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிகள்தான். சூல்காலமே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மாலத்தீவில் 1980களில் ஈரல் எண்ணெய்க்காக இதைப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே பிடிபாடு சரிந்துவிட்டது. 2010இல் அங்கே சுறாப் பிடிப்பையே தடை செய்தார்கள். இந்த ஈரல் எண்ணெயிலிருந்து எடுத்து முகப்பூச்சுக்குச் சேர்க்கும் ஸ்குவாலீன் என்ற பொருள் ஆலிவ் எண்ணெயிலிருந்தும் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் புட்டியில் "தாவர மூலம்" என்று இருக்கிறதா பாருங்கள். படகில் இருப்பவர்கள் சினைச் சுறா ஏறினால் நீளத்தையும் ஆழத்தையும் குறித்து, முள் தெரியும்படி பக்கவாட்டில் படம் எடுத்து வையுங்கள். எண்ணெய்ச் சுறா இனங்களைப் பிரித்தறிவது ஆய்வாளர்களுக்கே கடினம்.

தூத்தூர்க்காரன்:
படம் எடுக்கும் நிலையிலா அன்று நான் இருந்தேன், தங்கச்சி? ஆழத்தைக் கேட்டதால் சொல்கிறேன்: முந்நூற்றுப் பத்துப் பாகம். குட்டியின் நீளம், என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இல்லை.