எம்.எஸ்.ஏ. நோயாளிக்கு வேர்க்குதில்ல: கச்சான் காலத்தை எப்பிடிச் சமாளிக்கிற?

வாழைச்சேனை_மகன்:
அப்பாவுக்கு 63 வயசு, எம்.எஸ்.ஏ. (மல்ரிப்பிள் சிஸ்டம் அற்றோபி: பார்க்கின்சன் மாதிரி உடம்பை இறுக்கி, பிரஷர், சலம், வேர்வையை நடத்திற நரம்புகளையும் கெடுக்கிற மூளை வருத்தம்). கச்சான் எண்ட வறண்ட சூட்டுக் காத்து வீசத் தொடங்கினதில இருந்து மத்தியானத்தில உடம்பு 38.5 பாகை வரைக்கும் ஏறுது. நெஞ்சும் முதுகும் ஓலை மாதிரிக் காஞ்சு கிடக்கு, நெத்தியில மட்டும்தான் வேர்வை. பனடோலுக்கும் இறங்குதில்ல. நடுக்கத்துக்கு பென்ஸ்ஹெக்சோல் குளிசையும் போகுது. என்ன செய்யலாம்?

மருந்துக்கட்டு:
பனடோல் கேக்காது தம்பி. காய்ச்சலெண்டா மூளை தானே சூட்டைக் கூட்டி வைக்கும், பனடோல் அதைக் குறைக்கும். இங்க மூளை கூட்டேல்ல, சூடு வெளியேற வழிதான் இல்ல. எம்.எஸ்.ஏ.யில மூளையில இருந்தும் முள்ளந்தண்டில இருந்தும் வேர்க்கச் சொல்லிக் கட்டளை போறதுதான் முதல்ல கெடும்.

முதல்ல குளிசையைப் பாருங்க. வேர்வைச் சுரப்பியை அசற்றைல்கோலின் எண்ட நரம்புச் செய்திப் பொருள்தான் இயக்கும், பென்ஸ்ஹெக்சோல் அதை மறிக்கும். சலத்துக்குக் குடுக்கிற ஒக்சிபியூட்டினினும் அமிற்றிப்டிலினும் அதே வேலைதான். குறைக்கலாமா எண்டு கிளினிக்கில கேளுங்க, நீங்களா நிப்பாட்டாதீங்க. உடம்பு இறுக்கத்துக்குக் குடுக்கிற லெவோடோபா போகுதெண்டா அதில கையே வைக்கப்படாது. திடீரெண்டு நிண்டா தசை இறுகி, உடம்பு இன்னும் கொதிக்கும்.

கல்முனை_தாதி:
கச்சான் காத்து வறண்டது, அது உங்களுக்கு வசதி. பருத்தித் துவாயை நனைச்சுப் பிழிஞ்சு கழுத்து, நெஞ்சு, கையில போட்டு ஃபேனைப் போடுங்க. வேர்வை செய்யிற வேலையை அந்தத் தண்ணி செய்யும். காயிறதுக்கு முன்ன திரும்ப நனைக்கணும். அறையே 35 பாகைக்கு மேல கொதிக்கேக்க காஞ்ச தோலில வெறும் ஃபேன் அடிச்சா அனலைத்தான் ஊதும். மாரிக்கு முந்தின புழுக்கத்தில துவாய் வித்தை பாதிதான் பலிக்கும், அப்ப கிணத்துத் தண்ணியில ஊத்துங்க.

ஊத்தேக்க கதிரையில இருத்துங்க. சூட்டில ரத்தக்குழாய் விரியும், எம்.எஸ்.ஏ.க்கு எழும்பினாலே பிரஷர் விழும். கிணத்தடியில விழுந்தா இடுப்பு எலும்புதான். தகரக் கூரைக்குக் கீழ 11 மணியில இருந்து 4 மணி வரைக்கும் படுக்க வைக்காதீங்க.

வாழைச்சேனை_மகன்:
கக்கத்தில வச்சுப் பாக்கிறது சரியா?

கல்முனை_தாதி:
ஈரத் துவாய்க்குக் கீழ கக்கம் குறைச்சுக் காட்டும். காதில பாருங்க. விடியக்காலையிலயும் ஏறியிருந்தா வெயிலில பழியைப் போடாதீங்க: சலத்தில கிருமி, இல்லாட்டி சாப்பாடு புரையேறி நெஞ்சில சளி. 40 பாகை தாண்டினாலோ பேச்சுத் தடுமாறினாலோ உடனே ஆஸ்பத்திரி, ஓட்டோவிலயும் நனைச்சுக்கொண்டே போங்க. மயக்கமா இருக்கேக்க வாயில ஒண்டும் ஊத்தப்படாது.