பழைய றலி சைக்கிளுக்குப் புதுக் கிறிப்: வலது பாதியில் நிக்குது, இடது சுழலுது

கேள்வி (வெள்ளவத்தை)
கம்பி பிறேக் (கேபிள் இல்லாமல் இரும்புத் தண்டால இழுக்கிறது) உள்ள பழைய றலி. ஹான்டிலின் கைப்பிடி உறை, அந்தக் கறுப்புக் கிறிப் இரண்டும் பிசுபிசுத்துப் போய், பிடிச்சால் கை கறுப்பாகுது. புதுச் சோடி வாங்கிச் சவர்க்காரத் தண்ணி தடவி ஏத்தினேன். இடது முழுக்க ஏறிட்டுது, ஆனால் இறுக்கிப் பிடிச்சால் சுழலுது. வலது பாதிக்கு மேல போகுதில்லை, தள்ளினால் கொஞ்சம் திரும்பி வருது. கடற்கரைப் பக்கம் வீடு, ஹான்டிலில் துருவும் இருக்கு. பசை போடலாமா, வேற அளவு வாங்கணுமா?

பதில் (கொட்டாஞ்சேனை)
அளவை முதல்ல பாருங்கோ. கிறிப் ஏறுற இடத்தில் குழாயின் வெளி விட்டம் 22.2 மில்லிமீற்றர், அதாவது எட்டில் ஏழு அங்குலம் இருக்க வேணும். அளக்கக் கருவி இல்லாட்டி ஒரு கடதாசிக் கீற்றைக் குழாயைச் சுற்றி, முனை சந்திக்கிற இடத்தில் கோடு போட்டு ரூலால அளவுங்கோ. 70 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்தால் சரியான அளவு. 75 வந்தால் அது வளைஞ்ச றேசிங் ஹான்டிலின் 23.8, அதுக்குக் கிறிப் இல்லை, ரேப் சுத்துறதுதான்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையளில் மோட்டார் சைக்கிள் கிறிப் சோடி வாங்கி வராதேங்கோ. வலது பக்கக் கிறிப் அக்ஸிலேற்றர் உறைக்கு மேல ஏறுறதுக்காகப் பெரிசாகச் செய்தது. சைக்கிளில் இடது பொருந்தும், வலது தொளதொளக்கும்.

பதில் (தெஹிவளை)
அளவு பிழை இல்லையெண்டுதான் நினைக்கிறேன், இடது ஏறியிருக்கே. எந்தப் பக்கத்தை முதலில் ஏத்தினீங்கள்?

கேட்டவர்
இடது. கடதாசியால அளந்து பார்த்தேன், 70 வருது.

பதில் (தெஹிவளை)
அப்ப வலதுக்குக் காத்துத்தான் காரணம், துரு உதவி செய்யுது. ஹான்டில் ஒரே வெற்றுக் குழாய். முதல் கிறிப்பைத் தள்ளும்போது உள்ளே இருக்கிற காத்து மற்ற முனையால வெளியேறும். இரண்டாவதுக்குப் போக வழி இல்லை, அமுங்கித் திருப்பித் தள்ளும். மெல்லிய நைலோன் நூலை குழாய்க்கும் கிறிப்புக்கும் இடையில விட்டுத் தள்ளுங்கோ, அது பக்கத்தில காத்து போகும். கடைசியில நூலை இழுத்து எடுங்கோ. கிறிப்பின் முனை மூடியில ஊசித் துளை ஒண்டு போட்டாலும் போதும்.

இடது சுழலுறது சவர்க்காரத்தால. கிறிப் நிக்கிறது காய்ஞ்ச உராய்வில மட்டும்தான். இடையில வழுக்குற எதுவும் தங்கக் கூடாது. சவர்க்காரத் தண்ணி காய்ஞ்சாலும் படலம் மிஞ்சும், மழை பட்டால் அது திரும்ப வழுக்கும். கொழும்பு ஈரக் காத்தில மூடின கிறிப்புக்குள்ள தண்ணி லேசில வத்தாது, இரும்புக் குழாயில துருவையும் கூட்டும். தேங்காயெண்ணெய், கிறீஸ் இன்னும் மோசம். வத்தவே மாட்டாது, இறப்பரை ஊத வைக்கும்.

சவர்க்காரத் தண்ணிக்குப் பதிலாகப் பாமசியில எண்ணெய் சேராத சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குங்கோ, அது ஆவியாகிப் போகும். கைச் சுத்தத்துக்கு விக்கிற ஜெல் வேண்டாம், அதில பசை மிஞ்சும்.

பழைய கிறிப்பைக் காப்பாத்தத் தேவையில்லாட்டி கீழ்ப் பக்கமாக நீளத்துக்குக் கீறி உரிச்சு எடுக்கலாம். கத்தி உங்களுக்கு எதிர்த் திசையில போகட்டும், குறோமைத் தொடாமல். இப்ப ஏத்தின புதுசைக் கழட்ட, முனையை உருட்டையாக அரைச்ச பழைய ஸ்போக் ஒண்டை உள்ளே சொருகித் தூக்கி, அந்த இடுக்கில ஸ்பிரிட் சில துளி விட்டு, கிறிப்பைச் சுழட்டிச் சுழட்டி இழுங்கோ.

பிறகு குழாய். பிசின் மிச்சத்தை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, சவர்க்காரத்தால கழுவி, காயவிட்டு, கடைசியாக ஸ்பிரிட்டால துடையுங்கோ. இந்த ஒழுங்கு முக்கியம். மண்ணெண்ணெய் மிஞ்சினால் அதுவும் எண்ணெய்தான். துருவுக்கு, கிறிப் மூடுற இடத்தில மட்டும் 240 நம்பர் அரத்தாள். வெளியே தெரியுற குறோமில அரத்தாள் போடாதேங்கோ. நனைச்ச அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்ச்சால் மேல் துரு போகும். உரிஞ்சு நிக்கிற குறோம் செதிலின் விளிம்பையும் குழாய் முனைப் பிசிறையும் அரத்தால தட்டையாக்கணும், இல்லாட்டி கிறிப்பை உள்ளுக்குள்ள கிழிக்கும்.

ஸ்குறூ ட்ரைவர் முனையால துரு இடத்தை அழுத்திப் பாருங்கோ. உள்ளே போனால் கிறிப்பை விட்டிட்டு ஹான்டிலை மாத்த வேண்டிய நிலைமை.

ஏத்துறது: கிறிப்பைச் சுடுதண்ணியில இரண்டு மூண்டு நிமிசம் ஊறவிட்டுத் துடையுங்கோ, இளகும். உள்ளே ஒரு தேக்கரண்டி ஸ்பிரிட் ஊத்திச் சுழற்றிக் கொட்டிட்டு, குழாயையும் நனைச்சு, நிறுத்தாமல் ஒரே தள்ளாகத் தள்ளுங்கோ. பாதியில யோசிச்சு நிண்டால் ஸ்பிரிட் ஆவியாகி அங்கேயே பிடிச்சுக்கொள்ளும். அடுப்பு, சிகரெட் பக்கத்தில வேண்டாம். இரவு முழுக்க விடுங்கோ.

பதில் (மட்டக்குளி)
கடைகளில சவர்க்காரத் தண்ணிதானே போடுறவை? எத்தனையோ சைக்கிள் ஓடுதே.

பதில் (தெஹிவளை)
துருப் பள்ளம் இல்லாத குழாயில, இறுக்கமான புது இறப்பர் எண்டால் சில நாளில பிடிச்சுக்கொள்ளும். துருப் பள்ளம் உள்ள பழைய குழாயில ஈரம் பள்ளத்தில தங்குது. அவசரமாகப் பிறேக் பிடிக்கிற நேரம் கிறிப் கழண்டு கையோட வந்தால் ஆள் விழுவார். அதால இந்தச் சைக்கிளுக்கு நான் சவர்க்காரம் சொல்லமாட்டேன்.

கேட்டவர்
ஸ்பிரிட்டில ஏத்தின பிறகும் சுழண்டால்? மொத்தமான மென்மையான கிறிப் போட்டால் கைக்கு நல்லமோ?

பதில் (கொட்டாஞ்சேனை)
சுழண்டால் துணி ரேப் ஒரு சுற்று மட்டும், மடிப்பு விழாமல். அதுக்கு மேல ஸ்பிரிட்டோட கிறிப். பஞ்சர் ஒட்டுற சொலூஷனை மெல்லிசாகத் தடவியும் ஏத்தலாம், ஆனால் அடுத்த முறை வெட்டித்தான் எடுக்கணும். சூப்பர் குளூ வேண்டாம். தள்ளி முடிக்க முந்தியே இறுகிவிடும்.

கம்பி பிறேக்கில மொத்தக் கிறிப் போடவே கூடாது. லீவர் கிறிப்புக்கு நேர் கீழே படுத்துக் கிடக்குது. கிறிப் தடிச்சால் லீவர் அதில முட்டி, பிறேக் முழுக்கப் பிடிக்க முந்தியே நிண்டுவிடும். உள்பக்கம் அகல விளிம்பு உள்ளதும் லீவரின் பிணைப்பில இடிக்கும். அலன் கீயால இறுக்குற வளையக் கிறிப்புக்கும் இதே சிக்கல், வளையத்தின் ஆணித் தலை லீவரைத் தடுக்கும். மெல்லிய, விளிம்பில்லாத பழைய மாதிரிக் கிறிப்பைத்தான் தேடுங்கோ. ஏத்தின பிறகு லீவரை முழுக்க இழுத்துப் பாருங்கோ, பிறேக் கட்டை றிம்மில நல்லா அழுத்தின பிறகும் கிறிப்புக்கும் லீவருக்கும் இடையில இடைவெளி மிஞ்ச வேணும்.

பதில் (தெஹிவளை)
முனை மூடியும் பாருங்கோ. மூடியில்லாத குழாய் முனை விழும்போது வயித்தில குத்தினால் உள்காயம் வரும், சின்னப் பிள்ளையளுக்குக் கூடுதல் ஆபத்து. பழைய கிறிப்பின் நுனி தேய்ஞ்சு குழாய் வெளியே தெரிஞ்சாலே மாத்த வேணும். மூடி கிடைக்காட்டி போத்தல் தக்கையைக் குழாயின் உள் அளவுக்குச் செதுக்கி, தட்டி இறக்கி, அதுக்கு மேல கிறிப்பை ஏத்துங்கோ. தக்கை போட்ட பிறகு முனை மூடின கிறிப்பை ஏத்தினால் காத்து குழாய்க்குள்ள போக வழி இல்லை, இரண்டு பக்கத்துக்கும் அந்த நைலோன் நூல் கட்டாயம்.