வெயிலில் மட்டும் எரர் காட்டும் டிஎஸ்எல்ஆர், வீட்டுக்குள் நன்றாக எடுக்கிறது

பொருநைக்கரையான்
வணக்கம். ஆறு வருசமா வெச்சிருக்க டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 எம்எம் ஜூம் கிட் லென்ஸ். போன வாரம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. இப்போ வெளிய கொண்டுபோய் கிளிக் பண்ணா பாதியில திக்குற மாதிரி ஒரு சத்தம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் தொடர்பு சரியில்ல, லென்ஸ் கான்டாக்டைத் துடைங்கன்னு திரையில வருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுது, அடுத்த கிளிக்ல திரும்ப அதே.

வீட்டுக்குள்ள எத்தனை படம் எடுத்தாலும் வரல. வாசல் வெயில்ல நின்னா உடனே வருது. சூடு தாங்கலையா?

ஒரு கடையில காட்டினேன். பத்து நிமிசம் உள்ள கொண்டுபோய்ட்டு வந்து, "போர்டு போச்சு, 6500 ஆகும்"னுட்டாங்க. வர்ற ஞாயிறு தங்கச்சி மகளுக்கு ஏரல் பக்கம் எங்க சாஸ்தா கோயில்ல காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியிலதான் பிள்ளை இருக்கும். படம் எடுக்கப்போறது சித்தப்பா மகன். அவனுக்கு ஆட்டோ மோடு தவிர ஒண்ணும் தெரியாது. வழி சொல்லுங்க.

கிளிக்முருகு
லென்ஸைக் கழட்டி அந்தத் தங்கக் கலர் புள்ளியெல்லாம் பென்சில் ரப்பரால நாலு தேய் தேய்ங்க ப்ரோ. எனக்கு இதே எரர், அதோட போச்சு.

மழைக்குருவி
ரப்பர் வேண்டாம். அந்தத் தூள் பாடிக்குள்ள விழுந்தா கண்ணாடியிலயும் சென்சார்லயும் போய் உக்காரும். மேல இருக்கற முலாமும் தேயும். மொபைல் சர்வீஸ் கடையில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கும். கண்ணாடி துடைக்கற துணி நுனியில ரெண்டு சொட்டு விட்டு லென்ஸ் பக்கம் இருக்கறதை மட்டும் துடைங்க. பாடி பக்கம் இருக்கறது ஸ்பிரிங் பின், அதை அழுத்திடாதீங்க.

பொருநைக்கரையான்
துடைச்சாச்சு. ஆனா கை கழுவுற சானிடைசரால 🙈 மாற்றம் இல்ல.

மழைக்குருவி
அதுல கிளிசரின் இருக்கும், பிசுக்கு படியும். முதல்ல அதைத் துடைச்செடுங்க, பிறகு மத்தது.

பழைய மெக்கானிக்
தம்பி, சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணல. ஒரு சோதனை செய்து சொல்லுங்க. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஏவி மோடில் வையுங்க, அதாவது லென்ஸ் துளையின் அளவை, எஃப் எண்ணை, நாமே வைக்கிற முறை. ஜூமை 18-ல் வைத்து எஃப் 3.5-ல் பத்துப் படம் எடுங்க. அடுத்து எதையும் மாற்றாமல் எஃப் 8-க்கு மட்டும் திருப்பி எடுங்க. பிறகு அதே எஃப் 8-ல் ஜூமை 24, 35, 55 என்று தள்ளித் தள்ளி ஒவ்வொன்று. எங்கே எரர் வருது, எங்கே வரலை என்று அப்படியே எழுதுங்க.

பொருநைக்கரையான்
அண்ணாச்சி, ஆச்சரியமா இருக்கு. எஃப் 3.5-ல் பத்தும் சுத்தமா வந்துச்சு. எஃப் 8-க்கு மாத்தின முதல் கிளிக்லயே எரர், அதுவும் ஃபேனுக்கு அடியில நின்னு. 24-லயும் எரர். 35-ல் மட்டும் எஃப் 8 வேலை செய்யுது. 55-ல் திரும்ப எரர்.

பழைய மெக்கானிக்
அப்படியானால் போர்டு போகலை. லென்ஸுக்குள் அபெர்ச்சருக்கு, அதாவது வெளிச்சம் வரும் துளைக்குப் போகும் ஃபிளெக்ஸ் என்கிற பட்டை வயர் விரிசல் விட்டிருக்கு.

நீங்க வியூஃபைண்டரில் பார்க்கும்போது அந்தத் துளையைக் குறுக்கும் இதழ்கள் முழுக்கத் திறந்துதான் இருக்கும். கிளிக் செய்யும் நொடியில்தான் ஒரு சின்ன மோட்டார் அவற்றை எஃப் 8-க்கோ 11-க்கோ குறுக்கும். எஃப் 3.5-ல் குறுக்க வேண்டிய வேலையே இல்லை, மோட்டார் அசையாது, பிழையும் தெரியாது. வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, அதனால் ஆட்டோ தானாகவே முழுசாகத் திறந்து வைத்துக்கொள்ளும். வெயிலுக்குப் போனதும் எஃப் 8, 9 என்று குறுக்கப் பார்க்கும், மோட்டார் பதில் சொல்லாது, உடனே எரர். உங்களுக்கு அது சூடு மாதிரித் தெரிஞ்சிருக்கு.

ஜூம் திருப்பும்போது அந்த அபெர்ச்சர் முன்னும் பின்னும் நகரும். அதோடு போர்டிலிருந்து வரும் பட்டை வயரும் மடங்கி விரியும். ஆறு வருசம் ஒரே இடத்தில் மடங்கினால் செம்புக் கோடு மயிரிழை அளவு வெடிக்கும். 35-ல் பட்டை எதேச்சையாக ஒட்டி நிற்குது, அவ்வளவுதான். கிட் லென்ஸில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான்.

போர்டு என்று சொன்ன கடையில் வேறு லென்ஸ் மாட்டிப் பார்த்தாங்களா?

பொருநைக்கரையான்
இல்ல. இன்னிக்கு பக்கத்து ஸ்டூடியோவில 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டிப் பார்த்தேன். எஃப் 8, 11, 16 எல்லாம் எடுக்குது. பாடி நல்லாத்தான் இருக்கு. 6500 தப்பிச்சது! ஆனா ஞாயிறுக்கு என்ன பண்ண?

மழைக்குருவி
ஞாயிறுக்குத் திறந்த அபெர்ச்சர்லயே ஓட்டலாம். ஏவி மோடு, ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்வு) 100, எஃப் எண்ணை இருக்கறதுலயே குறைவா வெச்சிட்டு, மோடு டயல் மேல ஒரு டேப் ஒட்டிடுங்க, தம்பி கை ஆட்டோவுக்குப் போகாம. ஜூம் பண்ணா அதுவே 5.6 வரைக்கும் மாறும், அதுவும் முழுத் திறப்புதான், எரர் வராது. உச்சி வெயில்லகூட ஷட்டர் 1/2000 நொடி பக்கம்தான் போகும், உங்க பாடியில 1/4000 வரைக்கும் இருக்கும். ஃபிளாஷ் மட்டும் பகல்ல வேண்டாம், ஷட்டர் 1/200-லயே நின்னு படம் வெளுத்துடும். நிழல்ல, மண்டபத்துக்குள்ளன்னா ஐஎஸ்ஓவை ஏத்திக்கணும்.

குரூப் போட்டோ: ஜூம் 18-ல், அஞ்சு மீட்டர் தள்ளி நிக்கிற வரிசையில ஃபோகஸ் பண்ணச் சொல்லுங்க. ரெண்டரை மீட்டர்ல இருந்து பின்னாடி கோபுரம் வரைக்கும் தெளிவா வரும்.

காவேரிப்பொண்ணு
நடுவுல ஒரு சந்தேகம், மன்னிக்கணும். என் லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி வெள்ளையா இருக்கு. அதுவும் ஃபிளெக்ஸா?

மழைக்குருவி
அது ஃபங்கஸ் அக்கா, பூஞ்சை. அதுக்குத் தனிப் பதிவு போடுங்க. அதுவரைக்கும் பையை விட்டு வெளிய எடுத்து, காத்துப் போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. அரிசியில புதைக்காதீங்க, மாவுத்தூள் ஏறும்.

பழைய மெக்கானிக்
பொருநைத் தம்பி, விழா முடிந்ததும் லென்ஸை மட்டும் திறக்கலாம். பாடியைத் திறக்காதீங்க. ஃபிளாஷ் கெபாசிட்டரில் பேட்டரி கழற்றிய பிறகும் 300 வோல்ட் பக்கம் நிற்கும், எனக்கே ஒருமுறை தோள்வரை ஏறியிருக்கு. லென்ஸில் அந்த ஆபத்து இல்லை.

ஃபிளெக்ஸ் வாங்கும்போது முன்வளையத்தில் இருக்கும் முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்க. 18-55 என்ற பேரில் பல தலைமுறை இருக்கு, ஒன்றின் பட்டை இன்னொன்றுக்குச் சேராது. மோட்டாரும் இதழும் சேர்ந்த செட்டாக் கிடைத்தால் அதையே வாங்குங்க, பற்றவைக்கிற வேலை மிச்சம். ஸ்க்ரூடிரைவர் ஜப்பான் அளவு வேண்டும். சாதாரண ஸ்டார் போட்டால் தலை வழுக்கும். மவுண்டுக்கு (பாடியில் மாட்டும் பின்வளையத்துக்கு) அடியில் மெல்லிய தகடு இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்க, மாறினால் ஃபோகஸ் தள்ளிப்போகும்.

பொருநைக்கரையான்
(பன்னிரண்டு நாள் கழித்து) காதுகுத்து நல்லபடியா முடிஞ்சுது. 340 படத்துல ஒரு எரர் இல்ல. பிள்ளை வாயைத் திறந்து அலறுற நொடி, ஆசாரி கை, என் வேட்டியில சிந்தின சந்தனம், எல்லாம் வந்திருக்கு. பின்னாடி நின்ன அத்தைமார் மட்டும் மங்கல், அதுக்கு நான் தனியா ஏச்சு வாங்கிட்டேன்.

சென்னை ரிச்சி தெருவுல இருக்கற நண்பன் செட்டை வாங்கி கூரியர்ல அனுப்பினான், 750 ரூபாய். மொபைல் சர்வீஸ் பண்ற கூட்டாளியும் நானும் ராத்திரி உக்காந்து மாட்டினோம். பழைய பட்டையை விளக்குக்கு நேரா பிடிச்சா மடிப்புல ஒரு கோடு துண்டாகி வெளிச்சம் தெரியுது. இப்போ எஃப் 22 வரைக்கும் எல்லா ஜூம்லயும் எடுக்குது.

ஒரே ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கு அண்ணாச்சி.

பழைய மெக்கானிக்
மிச்சம் இருக்கிறது கூர்முனையா, மொட்டை முனையா? கூர்முனை என்றால் பிளாஸ்டிக்கில் ஏறுவது, முதலில் மவுண்டைப் பாருங்க. லென்ஸை மாட்டாமல் வையுங்க, போட்டோ போடுங்க.