கறுப்புப் பூனை படத்தில் செம்பட்டையாக விழுகிறது, அவசர உதவி

மியாவ்வீடு:
நேரில் கன்னங்கரேல் என்று இருக்கிறாள். படத்தில் முதுகும் வாலும் செம்பட்டை, முகத்தில் கண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தத்துக்கொடுக்க இன்றிரவே படம் போட வேண்டும். என்ன செட்டிங் வைப்பது?

நிழல்வேட்டை:
போனா, கேமராவா? வெயிலிலா, வீட்டுக்குள்ளா? ஒரு படத்தைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

லென்ஸ்பித்தன்:
அகச்சிவப்புக் கதிர்தான், சந்தேகமே வேண்டாம். 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் கறுப்புத் துணியே ஊதாவாக விழுந்தது. சென்சார் முன்னால் அந்தக் கதிரைத் தடுக்க இருந்த ஃபில்டர் போதவில்லை.

ஐஎஸ்ஓ_நூறு:
தம்பி, லைக்காவை விடுங்கள். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதையும் 18 சதவீதச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்பைக் காட்டினால் வெளிச்சத்தை ஏற்றிவிடும். வெளிச்ச அளவை மைனஸ் ஒன்று வைத்தால் முடிந்தது. அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

வெட்_மாணவி:
பூனைக்கு என்ன சாப்பாடு? கறுப்பு நிறமிக்கு டைரோசின் என்ற புரதச் சத்து வேண்டும். கறி, மீன் குறைந்தால் கறுப்பு முடி செம்பழுப்பாகும். வெயிலில் கிடந்தாலும் வெளுக்கும்.

மியாவ்வீடு:
போன்தான். மொட்டைமாடி, மத்தியான வெயில். பகலெல்லாம் அங்கேதான் படுத்திருப்பாள். பால்சோறு, எப்போதாவது நெத்திலி. தொடையில் வரிவரியாகவும் தெரிகிறதே?

திண்ணைப்பூனை:
எங்கள் கடுவன் பால்சோற்றிலேயே வளர்ந்தவன். இன்னும் மை மாதிரிதான் இருக்கிறான்.

வெட்_மாணவி:
வெளியே எலி, பல்லி பிடிப்பான், அதைக் கணக்கில் சேருங்கள். சோற்றில் டாரின் என்ற சத்தும் கிடையாது. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும்.

திண்ணைப்பூனை:
அந்தக் காலத்துப் பூனைகள் டப்பா தீனியா தின்றன?

வெட்_மாணவி:
டப்பா என்று நான் சொல்லவே இல்லையே. மீன் என்றுதான் சொன்னேன்.

நிழல்வேட்டை:
சாப்பாட்டுச் சண்டை தனியே நடக்கட்டும். வரிகள் நோயல்ல. கறுப்புப் பூனைக்கும் உள்ளே வரிப்பூனைக் கோலம் உண்டு, நல்ல வெயிலில் லேசாகத் தெரியும். உச்சி வெயிலில் முகம் தன் நிழலிலேயே இருண்டுபோகும், அதனால் மாடி வேண்டாம். ஜன்னலோரம் உட்காரவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். பின்னால் பச்சைத் துணி போதும். வெள்ளை விரிப்பு போட்டால் போன் அதைப் பார்த்துப் பூனையை இருட்டாக்கிவிடும். ஃபிளாஷ் போட்டால் கண் எரிகிற மாதிரி விழும். திரையில் பூனையின் கண்ணைத் தொட்டு, சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். முடியின் பளபளப்புதான் உருவத்தைக் காட்டும், அது மேட்டில் விழுந்து பள்ளத்தில் மறைய வேண்டும்.

மியாவ்வீடு:
ஜன்னலோரம் எடுத்தேன். மீசை, தாடை எல்லாம் வந்துவிட்டது. படம் போட்டாச்சு. முதுகு இன்னும் செம்பட்டைதான். நன்றி.

வெட்_மாணவி:
அப்படியானால் அது முடியின் நிறமேதான். பழைய முடி உதிர்ந்து புதிது முளைத்தால்தான் மாறும், மாதக்கணக்காகும். தத்தெடுப்பவரிடம் மீன் போடச் சொல்லி அனுப்புங்கள்.