வெறுங்குலையில் தாள்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செம்பனைக்காரி:
பெஸ்தாரி ஜெயாவை எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வோம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம், 1917இல் இந்தப் பக்கம்தான் போடப்பட்டது. அதன் பெயர் தென்னமரம் என்பது தனி வேடிக்கை. ஆலைக்குப் போகும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், பழம் உதிர்த்த வெறுங்குலையாகத் திரும்பி வரும். மகளின் அறிவியல் விழாவுக்கு அதில் தாள் செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

நாரைப் பிரித்து, சலவைச் சோடா போட்டு மூன்று மணி நேரம் வேகவைத்து, பிளெண்டரில் அடித்தேன். மரச்சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டி, கூழை அள்ளிக் காயவைத்தேன். வந்தது தாளா? அப்பளம். அங்கங்கே எண்ணெய்த் திட்டு வேறு. பேனாவை வைத்தால் மை ஒட்டவே இல்லை.

எதிர்வீட்டுத் தாத்தா ஆலையில் கொதிகலன் பார்த்தவர். ஒரு நாரை எடுத்து விரலிடுக்கில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "எண்ணெயே போகவில்லையே அம்மா! முதலில் வெந்நீரில் இரண்டு தடவை அலசு. சோடா எதற்கு? முன்பெல்லாம் வெறுங்குலையை எரித்து, சாம்பலை மரத்துக்கே உரமாகப் போடுவோம். அத்தனையும் பொட்டாஷ். ஈரக்கையில் பட்டால் வழுவழுவென்று தோலை அரிக்கும். அந்தச் சாம்பலிலேயே வேகவை."

அவர் விறகடுப்பில் எரிப்பதும் காய்ந்த குலைதான். ஒரு மைலோ டின் நிறையச் சாம்பல் தந்தார். கரைத்து, துணியில் வடிகட்டி, கையுறையோடு நின்று ஐந்து மணி நேரம் வேகவைத்தேன். நகத்தால் கிள்ளினால் நார் அறுபட்டது. கொஞ்சம் வாழைத்தண்டு நாரையும் சேர்த்தேன். பழுப்பு நிறம், சொரசொரப்பு, ஆனால் மகள் அதில் தன் பெயரை எழுதினாள்.

பொந்தியான் கிராணி:
தங்கச்சி, பசுமைத் தாள் என்று எல்லோரும் படம் போடுகிறார்கள். வேகவைத்த கறுப்புத் தண்ணீரை எங்கே ஊற்றினோம் என்று மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. அன்னாசி இலையில் தாள் செய்தபோது நான் அதை வாசல் கால்வாயில் ஊற்றி, பக்கத்து வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்?

செம்பனைக்காரி:
சரியாகப் பிடித்துவிட்டீர்கள், அண்ணே. சோடாத் தண்ணீரை மாமியாரின் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். நான்கே நாளில் இலையெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. சாம்பல் தண்ணீரை நிறையத் தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக எருக்குழியில் விடுகிறேன். கறிவேப்பிலை இப்போது அடியில் துளிர்த்திருக்கிறது. மாமியார்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.